ஏகமனதாக நிறைவேறியது

அத்தியாயம் 17

சிஸ்டரின் விண்ணப்பம் நான்கு வரிதான். பதினோரு வருஷமாக ராத்திரி டூட்டி பார்க்கிறேன், கால் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது, தயவுசெய்து பகலில் போடுங்கள். கொடுத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. அது மேஜை மேஜையாக நகர்ந்து, இரண்டு இடத்தில் தூங்கி, ஒரு இடத்தில் டீ குடித்து, போன வாரம் ஒருவழியாக உத்தரவாகத் திரும்பி வந்ததைப் பார்த்தோம். ஐந்தாம் தேதி காலை ஏழரையோடு இரவு முடிகிறது. ஆறாம் தேதியிலிருந்து பகல்.

விண்ணப்பத்தில் எழுதாத காரணம் ஒன்று நடுவில் வந்து சேர்ந்ததும் நினைவிருக்கும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை வீட்டுக்குப் போனபோது மகளின் முன்கையில் ஒரு தடம். மகளுக்குப் பதினேழு வயது. வீட்டில் கூப்பிடுவது குருவி.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேம்மா" என்றாள் குருவி.

வழுக்கி விழுந்தவர்களைத் தினம் பத்துப் பேர் பார்க்கிறவள் சிஸ்டர். விழுந்தால் முழங்கை சிராயும். முன்கையில் பட்டையாக, ஓரம் தைத்த மாதிரிச் சிவந்திருக்காது. கேட்டாள். குருவி பாத்ரூமையே திரும்பச் சொன்னாள். அன்றிலிருந்து சிஸ்டருக்கு ஒரே எண்ணம். இருட்டிய பிறகு நான் வீட்டில் இருக்க வேண்டும்.

இன்று ஐந்தாம் தேதி. காலை ஏழு இருபது. இன்னும் பத்தே நிமிஷம்.

ஆண்கள் சர்ஜிக்கல் வார்டு வாசலில் ஐந்து பேர் வந்து நின்றார்கள்.

"எங்க மச்சானுக்கு எப்ப ஆபரேஷன்?" என்றான் முன்னால் நின்றவன். கையில் ஸ்கேன் கவரைச் சுருட்டி வைத்திருந்தான்.

பயிற்சி டாக்டர் இரண்டு ராத்திரி தூங்காத கண்ணோடு நிமிர்ந்தார். "எட்டு மணிக்கு தியேட்டர் திறக்கும். முதல் கேஸ் அவர்தான்."

"ரெண்டு மணிக்குக் கொண்டாந்தோம்."

"ஆமாங்க. ரத்தம் ஏத்திக்கிட்டு இருக்கோம். அது ஏறாம கத்தி வைக்க முடியாது."

"எட்டு மணி வரைக்கும் அவன் இருக்கணுமா, நீ இருக்கணுமா?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. முதல் அடி டாக்டரின் தாடையில் விழுந்தது. அவர் மருந்து வண்டியோடு சாய்ந்தார். கண்ணாடிக் குப்பிகள் தரையெல்லாம் சிதற, அதன்மேலேயே அவரைப் புரட்டி இரண்டு பேர் விலாவில் உதைத்தார்கள். இன்னொருவன் ஜன்னலை உடைத்தான். ஜன்னல் அவனுக்கு என்ன செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தாமவனுக்கு ஆயுதம் கிடைக்கவில்லை. சுற்றிப் பார்த்தான். சுவரில் ஒரு தகரப் பலகை. 'அமைதி காப்போம், அன்பு வளர்ப்போம்.' போன மாதம் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் ரிப்பன் வெட்டி, நாற்பது நிமிஷம் பேசித் திறந்துவைத்தது. விழா அவசரத்தில் நாலு ஆணிக்கு இரண்டுதான் அடித்திருந்தார்கள். ஒரே இழுப்பில் அமைதி கையோடு வந்துவிட்டது.

ஆறாம் நம்பர் கட்டிலில் நேற்று நெஞ்சில் குழாய் போட்ட நோயாளி. குழாயின் மறுமுனை கட்டிலுக்கு அடியில் தண்ணீர் பாட்டிலில் இருந்தது. யாரோ ஒருவனின் கால் பட்டு அது உடைந்தது. சிஸ்டர் பாய்ந்து குனிந்து குழாயை மடித்துப் பிடித்தாள். காற்று உள்ளே போனால் அந்த ஆள் பத்து நிமிஷம் தாங்கமாட்டார். குனிந்த தலையில்தான் பலகையின் ஓரம் இறங்கியது. இடது புருவத்துக்கு மேலே. கண் முழுக்க ரத்தம்.

அவள் குழாயை விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் கால் கட்டோடு விழித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள்.

"இத மடிச்சுப் பிடிங்க. விட்டீங்கன்னா இவர் போயிடுவார்."

"நானா?"

"உங்க கை நல்லாத்தானே இருக்கு. பிடிங்க."

அவர் பிடித்தார். பிறகு அவள் எழுந்து, மறுபடி பலகையை ஓங்கியவனின் மணிக்கட்டைப் பிடித்தாள். மனநல வார்டில் இரண்டு வருஷம் வேலை பார்த்தபோது பழகிய பிடி. முழங்கையை உள்ளே தள்ளி, கட்டைவிரல் பக்கமாகத் திருப்ப வேண்டும். எவ்வளவு பெரிய ஆளும் உட்கார்ந்துவிடுவான். திருப்புவது சுலபம். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். அவன் அலறிய இடத்தில் சரியாக நிறுத்தினாள். பலகை விழுந்தது. ஆர்டர்லிகள் ஓடி வந்தார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு கண்காணிப்பாளர் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரண்டு தடவை போன் செய்து "முடிஞ்சிடுச்சா?" என்று விசாரித்தவர். டாக்டரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"பலகை வளைஞ்சிடுச்சே" என்றார்.

*

புருவத்துக்கு நாலு தையல். பத்து மணிக்கு மேட்ரன் கூப்பிட்டு அனுப்பினாள்.

"உக்காரும்மா. கண்காணிப்பாளர் ஐயா அசந்துட்டார். ராத்திரிக்கு உன்ன மாதிரி ஆள் இருந்தாத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இருக்கும்னு சொல்லிட்டார்."

சிஸ்டர் உட்காரவில்லை. "மேடம், நாளையிலிருந்து எனக்குப் பகல்."

"அதான். அத கொஞ்சம் தள்ளி வச்சிருக்கோம். மூணே மாசம். இன்னைக்கு ராத்திரியிலிருந்து உன் இடத்துல போட்ட ஆளு மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்துட்டா. காலையில நடந்தத கேட்டதும் அவளுக்கு முதுகு வலி வந்துடுச்சு."

"அடி வாங்கினது நான். முதுகு வலி அவளுக்கா?"

"பாரும்மா. சம்பவம் நடந்தது ஏழு இருபது. அது ராத்திரி டூட்டி நேரம். அப்ப ராத்திரிக்குத்தானே அனுபவசாலி வேணும்?"

"ஏழரைக்கு மேல அடிச்சிருந்தா பகல் கொடுத்திருப்பீங்களா மேடம்?"

மேட்ரன் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தாள். ஃபைலைத் திருப்பினாள். "உனக்காக நான் எவ்வளவோ பேசியாச்சு. ஆனா உங்க வீட்லயே ராத்திரிதான் வேணும்னு கேட்கறப்ப நான் என்ன செய்ய? புது கிளார்க் இத பாக்காம ஆர்டர் போட்டுட்டான்."

"எங்க வீட்லயா?"

மேட்ரன் காகிதத்தை நகர்த்தினாள். கெட்டி பேப்பர். மேலே தங்க எழுத்தில் குடியிருப்போர் நலச் சங்கம், அதற்குக் கீழே இன்னும் பெரிதாக 'தலைவர்'. கடித எண் 7. ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி.

'மேற்படி செவிலியரின் கணவர் என்ற முறையிலும், மேற்படி சங்கத்தின் தலைவர் என்ற முறையிலும் தெரிவித்துக்கொள்வது யாதெனில், இரவுப் பணியே குடும்ப நிர்வாகத்துக்கு உகந்தது என எமது இல்லத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டுள்ளது.'

கீழே நீலமாக வட்ட ஸ்டாம்பு. துளிகூடக் கலங்காமல், அழகாக விழுந்திருந்தது.

சிஸ்டர் இரண்டு தடவை படித்தாள். தையல் போட்ட இடம் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

*

சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு வீடு உள்ள கட்டடம். அதில் இரண்டு காலி. மீதிப் பத்து வீட்டுக்காரர்களில் ஆறு பேர் கை தூக்கி, எட்டு மாதத்துக்கு முன் சிஸ்டரின் கணவர் தலைவரானார். அன்றிலிருந்து அவர் சேர்மன். கீழ்வீட்டுக் குழந்தைகூட அப்படித்தான் கூப்பிட வேண்டும். லெட்டர் பேட் அடித்தார். ஸ்டாம்பு செய்தார். தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கு மூன்று கூட்டம் போட்டார். தொட்டி இன்னும் கழுவவில்லை. கூட்டக் குறிப்பு மட்டும் தயார்.

கூட்டம் போடுகிற ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் கூட்டம் நடத்த ஆரம்பித்தார். இரவு எட்டே காலுக்கு, சிஸ்டர் டூட்டிக்குப் போன பிறகு. சங்கத்தைப் போலவே இங்கேயும் அவருடைய தங்கை செயலாளர். குருவி உறுப்பினர்.

சிஸ்டருக்கு இது தெரியும். நர்ஸ்கள் அறையில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். "எங்க வீட்ல தினம் பார்லிமென்ட் கூடுதுடி. எதிர்க்கட்சி நான், எனக்கு நைட் டூட்டி." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இன்று பஸ்ஸில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே ஒரு ஸ்டாப் தாண்டி இறங்கினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் புதிய காகிதம்.

'சிறப்புக் கூட்டம். நாள்: இன்று. நேரம்: இரவு 8.15. இடம்: ஹால். பொருள்: உறுப்பினர் குருவி அனுமதியின்றிக் கல்லூரி விடுதிக்கு விண்ணப்பித்தது.'

நாத்தனார் ஜன்னலோரத்தில் தையல் மிஷினில் இருந்தாள். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஆறு வருஷத்துக்கு முன் கணவன் வீட்டிலிருந்து வந்தவள். அண்ணியின் நெற்றியைப் பார்த்ததும் மிஷின் நின்றது.

"ஐயோ, அண்ணி. என்னாச்சு?"

"அத விடு. வீட்டுக் கூட்டத்துக்கு நீ எழுதற நோட்டு எங்க?"

நாத்தனாரின் முகம் வெளுத்தது. "அது எதுக்கு அண்ணி?"

"எங்கன்னு கேட்டேன்."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா என்ன செய்வார்?"

நாத்தனார் மிஷினின் இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியில் இரண்டு நோட்டுகள். இரண்டும் பழுப்பு அட்டை. ஒன்று சங்கத்தினுடையது. இன்னொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிஸ்டர் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து.

'கூட்டம் எண் 12. தண்ணீர் பாட்டில் மூடியின்றி வைக்கப்பட்டது குறித்து விவாதிக்கப்பட்டது. தலைவர் பெல்ட்டைக் கழற்றினார். உறுப்பினர் குருவி இடது முன்கையில் நான்கு அடிகள் பெற்றார். நான்காவது அடி பக்கிள் பக்கத்தால் கொடுக்கப்பட்டது. ரத்தம் வந்தபடியால் பழைய பனியன் துணியால் கட்டப்பட்டது. வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி உறுப்பினருக்கு அறிவுறுத்தப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.'

இன்னொரு பக்கம்.

'கூட்டம் எண் 19. செயலாளர் குறுக்கே பேசியது ஒழுங்கீனம் எனக் கருதப்பட்டது. செயலாளரின் தலை மூன்று முறை சுவரில் மோதப்பட்டது. செயலாளருக்கு வலது காது இரண்டு நாள் கேட்கவில்லை. நன்றியுரையுடன் கூட்டம் முடிவுற்றது.'

ஒவ்வொன்றின் கீழும் தலைவரின் ஒப்பம். அதே வட்ட ஸ்டாம்பு. முப்பத்தொரு கூட்டம்.

"இதுல அவரே கையெழுத்து போட்டிருக்காரா?"

"அண்ணன் படிக்க மாட்டான் அண்ணி." நாத்தனார் துணியில் இருந்து நூலைப் பிரித்துக்கொண்டே பேசினாள். "கையெழுத்துப் போடத்தான் பிடிக்கும். மொதல்ல பயந்து பயந்துதான் எழுதினேன். கண்டுபிடிச்சா தொலைஞ்சோம்னு. ஆபீஸ் பாஷைல எழுதிட்டேன். ரெண்டு வரி பார்த்துட்டு, பேஷ், உனக்கு நடை கைவந்துடுச்சுன்னான். ஸ்டாம்ப ஊதி ஊதி வச்சான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க காலையில வந்து கட்டைய சாய்ச்சா சாயந்திரம்தான் எழுந்திரிப்பீங்க. எப்ப சொல்ல? அதோட, சொன்னா குருவிய பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திடுவேன்னு தீர்மானம் போட்டிருக்கான். கூட்டம் எண் 5."

சிஸ்டர் நோட்டை மூடினாள். "சாயந்திரம் குருவி வந்ததும் போலீஸுக்குப் போறோம்."

"அதுக்கு முன்னாடி அவன் வந்துட்டா?"

"வரட்டும். இன்னைக்கு நான் டூட்டிக்குப் போகல."

*

குருவி நாலு மணிக்கு வந்தாள். பையை இறக்காமலேயே அம்மாவின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரும்மா அடிச்சா?"

"யாரும் இல்ல. வழுக்கிட்டேன்."

குருவி சிரிக்கவில்லை. "நீயும் பாத்ரூம்லயா?" என்றாள்.

பிறகு சிஸ்டர் மகளின் இடது கையைப் பிடித்து, சட்டைக் கையை மெதுவாக மேலே ஏற்றினாள். பக்கிளின் முனை பட்ட இடம் வெள்ளையாகத் தழும்பு கட்டியிருந்தது. கூட்டம் எண் 12.

"போலீஸுக்குக் கிளம்பு" என்றாள். மூன்று பேரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. சேர்மன் வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிட்டார். ஆஸ்பத்திரி விஷயம் போனில் அவர் காதுக்கு எட்டியிருந்தது. நாத்தனார் நோட்டைத் துணிப்பைக்குள் தள்ளினாள். ஸ்டாம்பை ஒத்துப் பார்க்கட்டும் என்று எடுத்து வைத்த சங்கத்து நோட்டும் அதில் ஏற்கெனவே இருந்தது.

"எவன் அவன்?" என்றார் சேர்மன். நெற்றியைப் பார்த்துக் கண் சிவந்துவிட்டது. நடிப்பு இல்லை. அவர் நிஜமாகவே துடித்துப் போயிருந்தார். "என் வீட்டுப் பொம்பளய கை நீட்டி அடிச்சவன் எவன்? இத நான் சும்மா விடமாட்டேன். ஆறு மணிக்குக் கண்டனக் கூட்டம். கார் நிறுத்தற இடத்துல. எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"எனக்கு வேண்டாங்க."

"உனக்குக் கேக்கல. இது சங்கத்தோட கௌரவம்." நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். திருப்தி ஏற்படவில்லை. "என்ன இவ்ளோ சின்னதா போட்டிருக்காங்க? தூரத்துல இருக்கறவனுக்குத் தெரியுமா? இன்னும் ரெண்டு சுத்து சுத்து. கண்ணு பாதி மறையற மாதிரி."

பிறகு குருவியின் பக்கம் திரும்பாமலே சொன்னார். "உன் விஷயம் எட்டே காலுக்கு. மறந்துடாத. அம்மா டூட்டிக்குப் போனதும்."

குருவியின் கையிலிருந்து செருப்பு கீழே விழுந்தது.

சிஸ்டர் மகளின் முதுகில் கை வைத்து, "கீழ போலாம். அங்க ஆளுங்க இருக்காங்க" என்றாள் மெதுவாக.

*

பத்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். டீ உண்டு என்று அறிவிப்பில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மைக், இரும்பு ஸ்டாண்டோடு. பத்துப் பேருக்கு மைக் தேவையில்லைதான். ஆனால் சேர்மனுக்குத் தேவை. மேஜைக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து சிஸ்டரை உட்கார வைத்தார். கண்காட்சிப் பொருளைப் போல.

"நண்பர்களே" என்று ஆரம்பித்தார். "பெண்ணின் மீது கை வைப்பவன் மனிதனே அல்ல. வீட்டிலும் சரி, வெளியிலும் சரி."

கைதட்டல். பொருளாளர் மட்டும் ஒரு கையில் டீ இருந்ததால் தொடையில் தட்டினார். அடுத்த தேர்தலில் சேர்மன் ஆகும் ஆசை அவருக்கு உண்டு.

"கண்டனத் தீர்மானத்துக்குப் போகுமுன், முறைப்படி சென்ற கூட்டத்தின் குறிப்பைச் செயலாளர் வாசிப்பார்."

நாத்தனார் எழுந்தாள். துணிப்பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு பழுப்பு அட்டை. ஒன்றைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள். "இன்னைக்கு அத விட்டுடலாம் அண்ணா" என்றாள் மெதுவாக.

"முறைன்னு ஒண்ணு இருக்கு" என்றார் சேர்மன் மைக்கிலேயே. "வாசி."

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நெற்றிக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், நிதானமாக, ஒவ்வொரு சுற்றாக. நாத்தனார் ஒரு நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள்.

"கூட்டம் எண் முப்பத்தொன்று" என்று வாசித்தாள். ரேஷன் லிஸ்ட் படிக்கிற குரல். "தலைவர் தலைமை தாங்கினார். உறுப்பினர் குருவி பள்ளியிலிருந்து இருபது நிமிடம் தாமதமாக வந்தது குறித்து விவாதிக்கப்பட்டது."

சேர்மன் தலையாட்டிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடும்போது அவர் படிப்பதில்லை, வாசிக்கும்போது கேட்பதும் இல்லை. நடை காதில் விழுந்தால் போதும்.

"தலைவர் உறுப்பினரின் முடியைப் பிடித்து இழுத்து வந்தார். உறுப்பினர் தரையில் விழுந்தார். தலைவர் இடுப்பிலும் தொடையிலும் ஆறு முறை உதைத்தார். ஆறாவது உதையில் தலைவரின் கால் விரல் சுளுக்கியதால் நடவடிக்கை நிறுத்தப்பட்டது. தலைவர் விரைவில் குணமடைய உறுப்பினர்கள் வாழ்த்துத் தெரிவித்தனர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒப்பம், தலைவர். ஸ்டாம்பு."

பொருளாளரின் டீ வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

சேர்மனின் தலை இன்னும் இரண்டு தடவை ஆடியது. பிறகு நின்றது.

"என்ன வாசிச்ச?"

"நீ கையெழுத்து போட்டதுதான் அண்ணா."

அவர் மைக் ஸ்டாண்டை எடுத்தது யாருக்கும் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. இரும்பு முனை தங்கையின் வாயில் விழுந்தது. மைக் தரையில் உருண்டு ஊளையிட்டது. நோட்டு எங்கோ தெறிக்க, அவள் நாற்காலியோடு மல்லாந்தாள். உதடு பிளந்து, முன்பல் ஒன்று மேஜையின் வெள்ளை விரிப்பில் போய் விழுந்தது. இரண்டாவது அடிக்கு ஸ்டாண்ட் உயர்ந்தபோது குருவி நடுவில் வந்து விழுந்தாள். அடி அவள் தோளில் இறங்கியது. குருவி கத்தவில்லை. கத்தாமல் இருக்கப் பழகியிருந்தாள். அத்தையின் மேல் அப்படியே கவிழ்ந்து மூடிக்கொண்டாள்.

"எழுந்திரு. எழுந்திருடி." அவர் அவள் முதுகில் உதைத்தார். இன்னொரு உதை. பத்து வீட்டுக்காரர்களும் எழுந்து நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை. துணைத் தலைவர் மட்டும் கடமை உணர்ச்சியோடு, "கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்றார்.

மூன்றாவது தடவையாக ஸ்டாண்ட் மேலே போனது. கீழே வரவில்லை. மணிக்கட்டு சிஸ்டரின் கையில் இருந்தது.

"விடு" என்றார் சேர்மன்.

முழங்கையை உள்ளே தள்ளினாள். கட்டைவிரல் பக்கமாகத் திருப்பினாள். ஸ்டாண்ட் விழுந்தது. சேர்மன் முட்டி போட்டார். பிறகு அலறினார். காலையில் அந்த ஆள் அலறியபோது எந்த இடமோ, அதே இடம். வார்டில் இங்கேதான் நிறுத்துவாள். நிறுத்தும் இடம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு விரற்கடை கூடப் போனாள்.

காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். அவள் தினம் கேட்கும் கதைகளில் இந்தச் சத்தத்தை எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். நேரில் கேட்டது இதுதான் முதல் தடவை.

*

பொருளாளரின் காரில் சேர்மனை ஏற்றினார்கள். அவரவர் நாற்காலியை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் கண்ணைப் பார்க்கவில்லை. கீழ்வீட்டு அம்மாள் மட்டும் திரும்பி வந்து, பல்லை ஒரு காகிதத்தில் மடித்துச் சிஸ்டரின் கையில் கொடுத்துவிட்டு, "எங்களுக்குச் சத்தம் கேக்கும்மா. டி.வி.ன்னு நினைச்சுக்குவோம்" என்றாள். பிறகு போய்விட்டாள்.

மாடியில் சிஸ்டர் நாத்தனாரின் உதட்டைச் சுத்தம் செய்தாள். மூன்று தையலாவது வேண்டும். குருவியின் தோளைத் தடவிப் பார்த்தாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. முதுகில் செருப்பின் தடம் இப்போதே நீலம் கட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீ ஜெயிலுக்குப் போயிடுவியா?"

"தெரியல."

"நோட்டக் காட்டினா?"

"அத காட்டினா பேசலாம். அதுல அவரோட ஸ்டாம்பே இருக்கே." சிஸ்டர் திரும்பினாள். "நோட்ட எடு. பத்திரமா வைப்போம்."

நாத்தனார் துணிப்பையைக் கவிழ்த்தாள். ஒரு நோட்டு விழுந்தது. பிரித்தாள். தண்ணீர்த் தொட்டி.

பையை உதறினாள். வேறு எதுவும் விழவில்லை. குருவி படியில் தடதடவென்று இறங்கிப் போய், நாற்காலி இல்லாத வெறும் தரையைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பினாள். "இல்லம்மா."

மணி ஏழு நாற்பது. சிஸ்டரின் போன் அடித்தது. மேட்ரன்.

"எங்கம்மா இருக்க? வார்டுல ஆளே இல்ல. முதுகு வலிக்காரி வரல. நீயும் வரலேன்னா நான்தான் நர்ஸ் தொப்பி போட்டுக்கணும்."

"நான் இன்னைக்கு..."

"கேளு. ஒரு கை முறிவு கேஸ் வந்திருக்கு. உன் வீட்டுக்காரர்னு சொல்றார். மாடிப்படில வழுக்கி விழுந்துட்டாராம்."

சிஸ்டர் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"எக்ஸ்ரேகூட எடுக்க விடமாட்டேங்கறார். நல்ல கையில ஏதோ நோட்டு வச்சுக்கிட்டு நெஞ்சோட அணைச்சுக்கிட்டிருக்கார். சங்கத்து ரகசியமாம்."

"பழுப்பு அட்டையா மேடம்?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்? ஏம்மா, அவருக்கு சிகரெட் பழக்கம் உண்டா?"

"இல்லையே. வாழ்நாள்ல தொட்டதில்ல."

"பின்ன ஏன் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் தீப்பெட்டி கேக்கறார்?"

சிஸ்டர் போனை வைத்தாள். உள்ளே போனாள். கழுவிக் காயப்போட்ட யூனிஃபார்மை எடுத்து மாட்டினாள். வெளியே வந்தபோது இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போகாதம்மா" என்றாள் குருவி. "இன்னைக்குப் போகாத."

"தனியா விட்டுட்டுப் போறதா யார் சொன்னா? செருப்பப் போடு. ரெண்டு பேரும். அத்தைக்குத் தையல் போடணும், உனக்கு எக்ஸ்ரே எடுக்கணும். ரெண்டுக்கும் சீட்டுப் போட்டு, எப்படி அடிபட்டுச்சுன்னு உள்ளத உள்ளபடி எழுத வைக்கறேன்."

"அவர் அங்கதான் இருக்கார்."

"தெரியும். அது என் வார்டு."

குருவி மெதுவாகக் குனிந்து, விழுந்த இடத்திலேயே கிடந்த செருப்பை எடுத்தாள்.

நாத்தனார் வாயில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கம் போனாள். பேச முடியவில்லை. பேனாவை எடுத்தாள். செயலாளர் அல்லவா, முறைன்னு ஒண்ணு இருக்கு. ஒட்டியிருந்த காகிதத்தில் 'ஹால்' என்பதை அடித்துவிட்டு, அதே பரிசு வாங்கிய கையெழுத்தில் எழுதினாள்.

'இடம் மாற்றப்பட்டுள்ளது: ஆண்கள் சர்ஜிக்கல் வார்டு. நேரத்தில் மாற்றமில்லை.'